‘நடந்தா எளைக்கி’: தொலைவிலிருந்து ஓர் இதய மறுவாழ்வு – நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் வரும் அக்காவுக்கு 54 வயது. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். பதினாறு வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நான் பாளையங்கோட்டையில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட். மாரடைப்பு வந்து வீடு திரும்பியவர்களைத் தொலைவிலிருந்து கவனிக்கும் சின்னக் குழு ஒன்றில் வேலை. அந்தச் சமயம் என் பட்டியலில் 41 பேர் இருந்தார்கள். அத்தனை பேரையும் தினமும் ஒருத்தியாகப் பார்க்க முடியாது என்பதால்தான் செயற்கை நுண்ணறிவு எங்கள் வேலைக்குள் வந்தது.

12 வாரத்தில் அந்தக் கருவி அக்கா விஷயத்தில் என்னை நன்றாகவே ஏமாற்றியது. அதே கருவிதான் நான் கோட்டை விட்டிருக்கக்கூடிய ஒன்றையும் பிடித்துக் கொடுத்தது. ஏமாற்றிய கதைதான் நீளம். அதில்தான் படிக்க வேண்டியதும் அதிகம்.

ஆஸ்பத்திரி வரை

மாசி மாதம் ஒரு ராத்திரி அக்காவுக்கு நெஞ்சு கரித்தது. இடது தோள் கனத்தது. நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிறவருக்குத் தோள் வலி புதிதா என்ன? சுக்குக் காப்பி குடித்தார், வாயு மாத்திரை ஒன்று போட்டார், படுத்துவிட்டார். ஒன்பது வருடமாகச் சர்க்கரை வேறு. பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மாதிரி வருவதில்லை. இளைப்பு, அசதி, குமட்டல், தோள் கனம் என்று மாறுவேடத்தில் வரும். விடியற்காலை வியர்த்துக் கொட்டிய பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அங்கே இசிஜி எடுத்ததும் கையில் மாத்திரைகள் வந்தன. தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் மூன்றுமாகச் சேர்த்து 14 மாத்திரைகளை அங்கேயே விழுங்க வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அப்புறம் 108, பாளையங்கோட்டை, ஆஞ்சியோகிராம். இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு; ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம் 42 சதவீதம் என்று வந்தது. 55-க்கு மேல் இருக்க வேண்டியது. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுவாழ்வுப் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் வரச் சொன்னோம். ‘பஸ்ஸுக்குத் துட்டு வேண்டாம் டீச்சர், அந்த மூணு நாள் கூலிய யாரு தருவா?’ என்றார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதால் நான் அவருக்கு டீச்சர். கடைசி வரை அதுதான்.

நியாயமான கேள்வி. மாரடைப்புக்குப் பின் முறையாக உடற்பயிற்சி, மாத்திரை, சாப்பாடு, மனத்தெம்பு என்று சேர்த்துப் பார்த்துக்கொண்டால் இதய நோயால் சாவதும் திரும்ப ஆஸ்பத்திரியில் படுப்பதும் குறையும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து உறுதியானது. வீட்டிலிருந்தே செய்தாலும் மையத்துக்கு வந்து செய்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. இந்தியாவில் 24 ஆஸ்பத்திரிகளில் 3,959 பேரை வைத்து யோகா அடிப்படையிலான மறுவாழ்வைச் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது. சாவு, மறு மாரடைப்பு போன்றவற்றில் உறுதியான வித்தியாசத்தை அதில் காட்ட முடியவில்லை. ஆனால் பழைய வேலைக்குத் திரும்புவதிலும், தன் உடம்பு தேறியிருக்கிறது என்று அவர்களே சொல்வதிலும் நல்ல வித்தியாசம் இருந்தது. பீடித் தட்டின் முன் போய் உட்கார வேண்டியவருக்கு அது சின்ன விஷயமில்லை. ஆகவே, தொலைவிலிருந்தே செய்வது என்று முடிவானது.

ஏற்பாடு

மணிக்கட்டில் ஒரு பட்டை. அதன் அடியில் பச்சை ஒளி மினுங்கும். தோலுக்கடியில் ரத்தம் வந்து போகும்போது திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதை வைத்து நாடித்துடிப்பை எண்ணும். கை அசைவை வைத்து அடிகளை எண்ணும். கூடவே எடை பார்க்கும் கருவி, பிபி பார்க்கும் கருவி. சாயங்காலம் ஏழு மணிக்குத் தமிழில் ஒரு குரல் போனில் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கும். அக்கா சொல்வதை எழுத்தாக்கி, சுருக்கி, எனக்கு இரண்டு வரிக் குறிப்பாக அனுப்பும். இதையெல்லாம் ஒன்றாகப் பார்த்து, யாரை இன்று நான் முதலில் கூப்பிட வேண்டும் என்று வரிசைப்படுத்துவது இன்னொரு நிரல்.

போன் மகளுடையது. மகள் காலை எட்டு மணிக்குக் காலேஜுக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். பட்டை சேர்த்து வைத்ததெல்லாம் சாயங்காலம் மகள் வீடு திரும்பிய பிறகுதான் எங்களுக்கு வரும். ‘உடனுக்குடன் கண்காணிப்பு’ என்று எங்கள் விளக்கத் தாளில் அச்சடித்திருந்தோம். முதல் வாரத்திலேயே அந்த வரியை அடித்துவிட்டேன்.

உட்கார்ந்தால் நடை, நடந்தால் ஓய்வு

இரண்டாம் வாரம் ஒரு நாள் 4,900 அடி நடந்திருப்பதாகக் காட்டியது. இலக்கு 2,000 தான். குரல் அக்காவைப் பாராட்டியது. நிரல் சும்மா இருக்குமா? ‘நன்றாகத் தாங்குகிறார்’ என்று கணித்து மறுநாள் இலக்கைத் தானாகவே ஏற்றிவிட்டது. நான் கூப்பிட்டுக் கேட்டேன்.

‘நேத்து எங்கயும் போகலியே டீச்சர். பீடில்லா சுத்துனேன்.’

அடுத்த முறை வீட்டுக்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். மடியில் தட்டு, தட்டில் தூள், பக்கத்தில் நனைத்து வெட்டிய இலை. இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டும்போது மணிக்கட்டு ஒரு முறை வெட்டும். நூலைச் சுற்றி இழுக்கும்போது இன்னொரு முறை. ஆள் அசையவில்லை, ஆனால் கை ஒரே தாளத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. நடக்கிறவரின் கையும் இப்படித்தானே தாளத்தோடு வீசும்! 800 பீடி சுற்றினால் பட்டையின் கணக்கில் அது ஒரு நல்ல நடை.

இதற்கு நேர் எதிராக இன்னொன்று நடந்தது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் மூன்று நாள் தொடர்ந்து சிவப்பு எச்சரிக்கை: ‘ஓய்வில் இருக்கும்போது நாடித்துடிப்பு 104.’ ஓய்வில் அவருக்கு 62 தான். என்ன ஏதென்று பதறித்தான் கூப்பிட்டேன்.

‘தண்ணி வந்திருக்கு டீச்சர், அப்புறம் பேசுதேன்.’

இடுப்பில் குடம். பட்டை கட்டிய இடது கை குடத்தின் கழுத்தைச் சுற்றி அசையாமல் பிடித்திருக்கிறது. தெருக்குழாயிலிருந்து வீடு வரை எட்டு நடை. பட்டைக்குக் கை அசைந்தால்தான் அடி. ஆகவே அந்த எட்டு நடையிலும் அக்கா ‘ஓய்வில்’ இருந்தார். அன்றைக்கு அவர் செய்த ஆகக் கடினமான வேலை அதுதான். நிறைகுடம் ஏறக்குறைய 15 கிலோ.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உட்கார்ந்து வேலை செய்ததை உழைப்பென்று கூட்டி, உழைத்ததை ஓய்வென்று கழித்திருக்கிறது. பார்க்கில் கைவீசி நடக்கிறவர்களை வைத்துப் பழக்கிய நிரலுக்கு பீடித் தட்டும் தண்ணீர்க் குடமும் எங்கிருந்து தெரியும்? கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று அவரிடம் கேட்காமல் பட்டையைக் கட்டிவிட்டது நாங்கள்தான்.

சரிசெய்தது எளிதாகத்தான் இருந்தது. மூன்று நாள், பீடி சுற்ற உட்காரும்போதும் எழுந்திருக்கும்போதும் பட்டையின் பொத்தானை அமுக்கச் சொன்னோம். குடம் தூக்கும்போதும் அப்படியே. அந்த மூன்று நாள் பதிவை வைத்து, எங்கள் குழுவில் நிரல் எழுதும் தம்பி ‘உட்கார்ந்த வேலை’, ‘சுமை’ என்று இரண்டு புது வகைகளை அவருக்கென்று சேர்த்தார். அதற்குப் பிறகு பொய்நடை பெரும்பாலும் நின்றது. குடத்தைப் பாதி நிறைத்துத் தூக்கச் சொன்னேன். எட்டு நடை பதினாறானது. இதயத்துக்கு அது பரவாயில்லை. அக்காவுக்குத்தான் எரிச்சல்.

வேகத்தைக் கூட்டு என்றது

நாடித்துடிப்பு இலக்கில் ஒரு பழைய தப்பு இருந்தது. 220-லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு, அதில் 60 முதல் 80 சதவீதம் இலக்கு என்கிற கணக்குதான் நிரலில். அக்காவுக்கு அது 100 முதல் 133 என்று வந்தது. ஆனால் அவர் சாப்பிடுவது மெட்டோப்ரோலால். துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே. நடந்தால் 90-ஐத் தாண்டாது. ‘வேகத்தைக் கூட்டுங்கள்’ என்று பட்டை அதிர்ந்துகொண்டே இருந்தது.

இப்படிப்பட்டவர்களுக்கு ஓய்வுத் துடிப்புக்கு மேல் 20 முதல் 30 வரை என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அவருக்கு 82 முதல் 92. அதைவிட நல்ல அளவுகோல் பேச்சு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. சுவீடன்காரர் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான உழைப்பு அளவுகோலையும் காட்டிப் பார்த்தேன். அக்கா அதை ஒதுக்கிவிட்டுத் தானே ஒன்று செய்துகொண்டார்: வெறுங்குடம், அரைக்குடம், முழுக்குடம், ரெண்டு குடம். ‘இன்னிக்கு நடை அரைக்குடம் டீச்சர்’ என்றால் எனக்குப் புரிந்துவிடும். போர்க்கின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அரைக்குடம் 11-லிருந்து 13-க்குள் விழுந்தது. நிரலிலும் அதையே போட்டோம்.

எளைக்கி

இதுதான் ஆபத்தான இடம்.

முதல் பதினொரு நாள் ராத்திரிக் குரலுக்கு அக்கா சொன்னது ஒரே பதில்: ‘எல்லாம் நல்லாருக்கு.’ ஏழு மணிக்கு வீட்டில் எல்லாரும் இருப்பார்கள், போன் ஒலிபெருக்கியில் இருக்கும். புருஷன் காதுபட ‘முடியல’ என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? மகளிடம் சொல்லி, போனை வாசல் திண்ணைக்குக் கொண்டுபோய்த் தனியாகக் கொடுக்கச் சொன்னோம். அதற்குப் பிறகுதான் பேச்சே வந்தது.

வந்த பேச்சில் ஒரு நாள் ‘மேலுக்குச் சுகமில்ல’ என்றார். குறிப்பில் ‘உடலின் மேல்பகுதியில் அசௌகரியம்’ என்று வந்து சிவப்பு எரிந்தது. எங்கள் பக்கம் மேல் என்றால் உடம்பு. லேசான காய்ச்சல், அவ்வளவுதான். குழுவில் சிரித்துக்கொண்டோம். சிரித்ததோடு விட்டது தப்பு.

நான்காம் வாரம், சித்திரை மாதம், ஊரில் கோயில் கொடைத் திருவிழா. மூன்றாம் நாள் வந்த குறிப்பு: ‘நடைப்பயிற்சியால் உடல் எடை குறைந்து வருவதாகக் கூறுகிறார். நல்ல முன்னேற்றம்.’ அதே நாள் எடைக் கருவி 63.4 காட்டியது. மூன்று நாளுக்கு முன் 61.2. இதயம் பலவீனமானவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் தங்குகிறது என்று பொருள். எச்சரிக்கை எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. ‘நோயாளி எடை குறைவதாகச் சொல்கிறார், கருவி கூடுவதாகச் சொல்கிறது, ஆகவே அளவீட்டுப் பிழையாக இருக்கலாம், நாளை மறுபடி எடை பார்க்கவும்’ என்று நிரல் தானே சமாதானம் செய்துகொண்டு அக்காவை என் பட்டியலின் அடிக்குத் தள்ளிவிட்டது.

நான் அதைத் திறந்தது மறுநாள் சாயங்காலம். கொடைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு எடை குறைகிறதா என்று உறுத்தியது. மூலப் பதிவைக் கேட்டேன். பின்னால் மேளச் சத்தம், அதற்கு நடுவே அக்கா: ‘நடந்தா எளைக்கி.’

குரலை எழுத்தாக்கிய நிரல் ‘நடந்தால் இளைக்கிறது’ என்று எழுதியிருந்தது. எழுத்தில் தப்பே இல்லை. அக்காவின் பேச்சை எழுத்துத் தமிழுக்குக் கச்சிதமாக மாற்றியிருந்தது. இளைப்பது என்றால் மெலிவது, இளைப்பது என்றால் மூச்சு வாங்குவது. தமிழில் இரண்டும் உண்டு. எந்த இளைப்பு என்பது சொல்கிற ஆளையும் சொல்கிற நேரத்தையும் வைத்துத்தான் தெரியும். உடற்பயிற்சித் திட்டம், நடை, இளைப்பு என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மொழி நிரல் மெலிவதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

உடனே கூப்பிட்டேன். ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்டேன். ‘தலகாணி ரெண்டு வச்சாத்தான் உறக்கமே வருது.’ கால் வீங்கியிருக்கிறதா? ‘வீக்கம்லாம் இல்ல. மெட்டிதான் இறுகுது.’ அது போதும் எனக்கு. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இதய டாக்டரிடம் அனுப்பினோம். நெஞ்சில் நீர்க்கோப்பு ஆரம்பித்திருந்தது. நீர் பிரிய ஃப்ரூஸ்மைடு மாத்திரை சேர்த்தார். கொடைக்கு வந்த சொந்தக்காரர்களோடு சேர்ந்து அப்பளம், ஊறுகாய், அப்புறம் மீந்த நாளெல்லாம் கருவாடு என்று உப்பு ஏகத்துக்கும் ஏறியிருந்தது. நாலே நாளில் எடை 61.5-க்கு இறங்கியது, அட்மிட் ஆகாமல் தப்பித்தார்.

அந்த வாரமே மூன்று மாற்றங்கள் செய்தோம். பேச்சும் அளவும் முரண்பட்டால் நிரல் எதையும் தள்ளிவிடக் கூடாது. முரண்பாடே எச்சரிக்கையாக எனக்கு வர வேண்டும். மூச்சு, நெஞ்சு, கிறக்கம் தொடர்பான எந்தச் சொல் வந்தாலும் சுருக்கத்தோடு குரல் பதிவும் வர வேண்டும். மூன்றாவது ஒரு சொற்பட்டியல்: எளைக்கி, கெறக்கமா வருது, நெஞ்சு கரிக்கி, மேலுக்குச் சுகமில்ல, படபடன்னு அடிக்கி. ஒவ்வொன்றுக்கும் எங்கள் பக்கத்து அர்த்தம். எளைக்கி என்று வந்தால் நிரல் தானாக அர்த்தம் பண்ணக் கூடாது. ‘மூச்சு வாங்குதா, உடம்பு மெலியுதா?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு நர்ஸ் முதல் நாளே கேட்டிருக்கக்கூடிய கேள்விதான் அது.

வெள்ளை மாத்திரை

அக்னி நட்சத்திரம் முடிகிற சமயம், எட்டாம் வாரம். காலையில் பட்டியலைத் திறந்தால் அக்கா பெயர் முதலில். குறிப்பு நீளமில்லை: நாலு ராத்திரியாக உறக்கத்தில் நாடித்துடிப்பு 63, 67, 73, 79. எச்சரிக்கைக் கோடு 90. அதற்குக் கீழேதான் எல்லாமே. பகலில் பிபி சரி, எடை சரி, பேச்சில் ‘நல்லாருக்கு’. என் கண்ணுக்கு இது பட்டிருக்காது. 41 பேரின் நாலு ராத்திரியை யார் வரிசையாக வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? அவருடைய பழைய ராத்திரிகளோடு மட்டும் ஒப்பிட்டு, இது அவர் இல்லையே என்று நிரல் சொன்னது.

விசாரித்தால், வெயிலில் கிறக்கம் வந்திருக்கிறது. நீர் மாத்திரையால்தான் என்று அவரே சரியாக ஊகித்து அதை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தியதாக நினைத்திருக்கிறார். இரண்டுமே வெள்ளை, இரண்டுமே சின்னது. மாத்திரை அட்டையிலிருந்து தனித்தனியாகக் கத்தரித்து டப்பாவில் போட்டு வைத்திருந்ததால், நின்றுபோனது மெட்டோப்ரோலால். ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்கூட ஆகாதவர் அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. துடிப்பும் பிபியும் எகிறும், நெஞ்சுவலி திரும்பும், மறுபடி மாரடைப்பே வரலாம்.

டாக்டர் அன்றே மெட்டோப்ரோலாலைத் திரும்பத் தொடங்கி, நீர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கினார். அதற்குள் அக்கா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பீடிக்குச் சுற்றும் சிவப்பு நூலை எடுத்து மெட்டோப்ரோலால் அட்டையில் கட்டிவிட்டார். ‘இத மட்டும் விடக்கூடாது.’ மாத்திரை நினைவூட்டலுக்கென்று எங்கள் செயலியில் வண்ணப் படங்களோடு ஒரு பக்கம் இருக்கிறது. அதை அவர் ஒரு நாளும் திறந்ததில்லை.

12 வாரம் முடிவில்

ஆறு நிமிட நடைச் சோதனையில் தொடக்கத்தில் 290 மீட்டர், முடிவில் 375. இதய நோயாளிகளுக்கு 25 மீட்டர் கூடினாலே உடம்பில் தெரிகிற முன்னேற்றம் என்று கணக்கு. எக்கோ 48 சதவீதம். இதை நடையின் கணக்கில் எழுத மாட்டேன். அடைப்பு எடுத்த பின் மரத்துக் கிடந்த தசை தானாகத் தேறுவதும் உண்டு, மாத்திரைகளின் பங்கும் உண்டு. திட்டமிட்ட 60 பயிற்சி நாட்களில் 47 நாள் செய்திருந்தார். விட்ட 13 நாளில் பாதி கொடையும் கல்யாணமும்.

சரிசெய்ய முடியாமல் விட்டது ஒன்று உண்டு. உட்கார்ந்து எழும் பயிற்சியை போன் கேமரா எண்ண வேண்டும். சேலைக்குள் முழங்கால் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவே இல்லை. பத்துக்கு நாலு எண்ணும். கடைசியில் மகள் பக்கத்தில் நின்று வாயால் எண்ணினாள்.

பீடி சுற்றுவதை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவருக்கு வேறு வருமானமும் இல்லை. 800-ஐ 500-ஆகக் குறைத்திருக்கிறார். ஜன்னலோரம் உட்காருகிறார், மூக்கில் துணி கட்டுகிறார். நாற்பது நிமிடம் ஆனால் எழுந்திருக்கச் சொல்லிப் பட்டை அதிரும். அதைவிட அவர் கணக்கே எனக்குப் பிடித்திருந்தது: நாலு கட்டு முடிந்தால் எழுந்து தெரு முனை வரை ஒரு நடை.

பட்டையைத் திரும்ப வாங்கியாகிவிட்டது. இப்போது மாதம் ஒரு முறை நான்தான் கூப்பிடுகிறேன். போன தடவை ஐந்து மணிக்குக் கூப்பிட்டுவிட்டேன்.

‘தண்ணி வந்திருக்கு டீச்சர், அப்புறம் பேசுதேன்.’

‘அரைக்குடம்தானே அக்கா?’

‘அரதான், அரதான்’ என்று வைத்துவிட்டார்.